படத்தில் இருக்கும் அம்புக்குறியை நம்புவதற்கு முன்

கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்க வருவதற்கு முன்னால், வெளிநாட்டில் ஓர் ஆய்வகத்தில் நான்கு வருடம் செல் எண்ணும் வேலை பார்த்தேன். இருட்டறை. புற ஊதா விளக்கு பொருத்திய நுண்ணோக்கி. அதன் கீழே குரங்கு மூளையின் ஒரு சீவல், 40 மைக்ரான் கனம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நீலமாக ஒளிரும் நரம்பு செல் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, அது இருக்கும் இடத்தைக் கணினியில் குறிக்க வேண்டும். ஒரே இடத்தில் விளக்கை ரொம்ப நேரம் நிறுத்தினால் ஒளி மங்கிவிடும். அதனால் சீக்கிரமும் பார்க்க வேண்டும், ஒன்றையும் விட்டுவிடவும் கூடாது.

இப்போது என் மாணவர்கள் யாராவது புத்தகத்தைத் திறந்து, நெற்றிப் பக்கத்திலிருந்து பார்வைப் பகுதிக்குப் போகும் ஓர் அம்புக்குறியைத் தொட்டுக் காட்டி, "மேடம், கவனம் செலுத்துறதுக்கு இந்த இணைப்புதான் காரணம்" என்று சொல்லும்போது எனக்கு அந்த இருட்டறை ஞாபகத்துக்கு வரும். அந்த அம்புக்குறியை எதைப் பார்த்துப் போட்டார்கள்? செல்லை எண்ணியா, மின்துடிப்பைக் கேட்டா, இணைப்பை வெட்டிப் பார்த்தா? மூன்றும் படத்தில் ஒரே மாதிரி அம்பாகத்தான் இருக்கும். ஆனால் மூன்றும் சொல்லும் செய்தி வேறு.

குரங்குகளின் மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்து நினைவு, கவனம், தீர்மானம் இவற்றை எப்படி நடத்துகின்றன என்று சொல்லும் கட்டுரை ஒன்று உங்கள் கையில் கிடைத்தால் அதை எப்படி வாசிப்பது என்று இங்கே சொல்கிறேன். ஒரு வெள்ளைத் தாள், பென்சில், தையல் நூல், செல்லோ டேப், கத்தரிக்கோல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நூல் நிஜமாகவே தேவைப்படும்.

படிக்கும்போது ஓரத்தில் எண் போட்டுக்கொண்டே போங்கள். "இந்த இரண்டு பகுதிக்கும் நடுவே இழை ஓடுகிறது" என்றால் 1. "இந்த வேலை நடக்கும்போது இரண்டுக்கும் நடுவே ஏதோ போய்வருகிறது" என்றால் 2. "இணைப்பு இல்லாவிட்டால் அந்த வேலை கெடும்" என்றால் 3. கட்டுரையின் முடிவுரையில் பேசுவது 3 ஆகவும், உள்ளே காட்டிய சான்று 1 அல்லது 2 ஆகவும் இருந்தால், அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள்.

1: இழை இருக்கிறதா?

குரங்கு மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மிகச் சிறிதளவு சாயத்தை ஊசியால் ஏற்றுவார்கள். அங்கே வந்து முடியும் ஆக்ஸான் (நரம்பு செல்லின் நீண்ட இழை) நுனிகள் அந்தச் சாயத்தை உறிஞ்சி, பின்னோக்கித் தங்கள் தாய் செல் வரைக்கும் கொண்டுபோகும். அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் விடுவார்கள். அப்புறம் மூளையை எடுத்து, உறையவைத்து, சீவிப் பார்த்தால், அந்த இடத்துக்கு யார் யார் செய்தி அனுப்புகிறார்கள் என்பது ஒளிரும் செல்களாகத் தெரியும். ஃபாஸ்ட் புளூ என்ற சாயம் செல்லின் உடலை நீலமாக்கும். டையமிடினோ யெல்லோ என்பது கருவை மஞ்சளாக்கும். இரண்டு இடத்தில் இரண்டு சாயத்தையும் ஏற்றியிருந்தால், எப்போதாவது நீல உடலுக்குள் மஞ்சள் கருவோடு ஒரு செல் தென்படும். ஒரே செல் தன் ஆக்ஸானைக் கிளை பிரித்து இரண்டு இடத்துக்கும் அனுப்பியிருக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒன்றை முதன்முதலில் பார்த்த அன்று, பக்கத்து மேசையில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இந்த வகைக் கட்டுரையில் நீங்கள் முதலில் போக வேண்டியது ஊசி போட்ட இடத்தின் படத்துக்கு. முடிவுகளுக்கு அப்புறம் போகலாம். ஒரு தடவை மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு மூளையை எண்ணி முடித்தேன். எதிர்பார்க்காத இடங்களிலெல்லாம் நீல செல்கள், ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம். பிறகு ஊசி போட்ட இடத்துச் சீவலை எடுத்துப் பார்த்தால், சாயம் புறணியை, அதாவது மூளையின் மேற்பரப்பில் செல்கள் இருக்கும் அடுக்கை, தாண்டி அடியில் இருக்கும் வெள்ளைப் பொருளுக்குள் இறங்கியிருந்தது. வெள்ளைப் பொருள் என்பது மற்ற ஊர்களுக்குப் போகும் இழைகள் கடந்துபோகும் நெடுஞ்சாலை. அந்தப் பக்கமாகச் சும்மா போன ஆக்ஸான்களும் சாயத்தை எடுத்துக்கொண்டன. மூன்று வாரக் கணக்கும் போனது. ஒரு குரங்கின் உயிரும் அந்தத் தரவோடு போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது. ஊசி போட்ட இடம் சாம்பல் நிறப் புறணிக்குள்ளேயே நின்றதா என்று படத்தில் காட்டாத கட்டுரையை நான் நம்புவதில்லை.

அடுத்து, ஒளிரும் செல்கள் எந்த அடுக்கில் இருக்கின்றன என்று பாருங்கள். புறணி ஆறு அடுக்கு கொண்டது. நாலாவது அடுக்கு உள்ளே வருவதை வாங்கும் வாசல் மாதிரி. கண்ணிலிருந்து வரும் செய்தியை மேலே மேலே கடத்தும் இழைகள் பெரும்பாலும் மேல் அடுக்குகளில் கிளம்பி, அடுத்த பகுதியின் நாலாவது அடுக்கில் போய் முடியும். மேலிருந்து கீழே திரும்பி வரும் இழைகளில் கணிசமானவை அடி அடுக்குகளில் கிளம்பும், போகும் இடத்தில் நாலாவது அடுக்கைத் தவிர்த்துவிட்டு முடியும். 1979இல் ராக்லண்டும் பாண்டியாவும் ரீசஸ் குரங்கில் காட்டிய இந்த ஒழுங்கை வைத்துத்தான், 1991இல் ஃபெல்மனும் வான் எஸ்ஸனும் குரங்கின் பார்வை சார்ந்த 32 பகுதிகளையும் அவற்றுக்கு நடுவே 305 இணைப்புகளையும் ஒரு மாடிக்கட்டடம் போலப் படம் போட்டார்கள். கீழே விழித்திரை, உச்சியில் நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ். பாடப் புத்தகங்களில் நீங்கள் பார்த்திருக்கும் அந்தச் சிக்கலான வரைபடம் அதுதான்.

அந்தப் படத்தில் எல்லாக் கோடும் ஒரே தடிமன். அங்கேதான் நிறையப் பேர் தவறிப் போகிறார்கள். பிரான்சில் லியோன் நகரத்தில் ஹென்றி கென்னடி குழுவினர் 29 பகுதிகளில் சாயம் ஏற்றி ஒவ்வொரு செல்லையும் எண்ணி 2014இல் வெளியிட்டார்கள். அந்த 29 பகுதிகளுக்கு நடுவே இருக்க முடிந்த இணைப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு உண்மையிலேயே இருந்தன. ஆனால் ஒரு இணைப்புக்கும் இன்னொரு இணைப்புக்கும் பலத்தில் ஏறத்தாழ லட்சம் மடங்கு வரை வித்தியாசம். ஓர் இணைப்பில் ஆயிரக்கணக்கான செல்கள், இன்னொன்றில் ஒன்றிரண்டு. சாயம் ஏறிய செல்களில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு ஊசி போட்ட அதே பகுதிக்குள்ளேயேதான் இருக்கும் என்பதையும் அவர்கள் காட்டினார்கள். தூரத்துக்குப் போகும் இழைகள் சொற்பம். ஆகவே "இணைப்பு இருக்கிறதா" என்ற கேள்வியோடு நிற்காமல் "எத்தனை செல்" என்றும் கேளுங்கள். கட்டுரையில் பதில் இருந்தால் தாளில் கோட்டின் தடிமனை அதற்கேற்ப வரையுங்கள். இல்லாவிட்டால் புள்ளிக்கோடு போதும்.

எம்ஆர்ஐ எந்திரத்தில் எடுத்த வண்ண வண்ண நார்ப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எளிதாக நகர்கின்றன என்பதை அளந்து, இழை எங்கே போகும் என்று கணினி ஊகித்துப் போட்ட கோடுகள் அவை. அளவெடுக்கும் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு. ஆக்ஸானோ ஒரு மைக்ரான் சுமாருக்கு. இழை எந்தப் பக்கமாகச் செய்தி கொண்டுபோகிறது என்பது அதில் தெரியவே தெரியாது. மனிதர்களில் வேறு வழியில்லாததால் அதைப் பயன்படுத்துகிறார்கள், அது பயன்படவும் செய்கிறது. 2008இல் ரில்லிங் குழுவினர் மனிதன், சிம்பன்சி, ரீசஸ் குரங்கு மூன்றையும் இப்படி ஒப்பிட்டுத்தான், மொழியோடு தொடர்புள்ள ஆர்க்குவேட் என்ற இழைக்கட்டு மனிதனில் காதுப்புறக் கதுப்புக்குள் வெகுதூரம் இறங்குவதைக் காட்டினார்கள். ஆனால் அம்புத் தலை போட அந்த முறைக்கு உரிமை இல்லை. கோடு மட்டும் போடுங்கள்.

2: ஏதாவது போய்வருகிறதா?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பகுதிகளின் செயல்பாடு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் "இணைந்து வேலை செய்கின்றன" என்று எழுதுவார்கள். ஒரே அலுவலகத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் டீ குடிக்கப் போனால் ஒருவர் மற்றவரைக் கூப்பிட்டார் என்று ஆகிவிடாது. மணி அடித்திருக்கலாம். ரீசஸ் குரங்கின் இடது வலது முதல்நிலைப் பார்வைப் பகுதிகளுக்கு நடுவே நேரடி இழை மிகவும் குறைவு, விளிம்பில் மட்டும்தான் உண்டு. இருந்தும் எம்ஆர்ஐயில் இரண்டும் நன்றாக ஒத்துப்போகும்.

இந்த வகைக் கட்டுரையில் தேட வேண்டியது நேர இடைவெளி. யார் முன்னால், யார் பின்னால்? எத்தனை மில்லிவினாடி? அந்த இடைவெளி ஆக்ஸான் வழியாகப் போய்ச் சேர ஆகும் நேரத்தோடு பொருந்துகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் 2 என்ற எண்ணின் பக்கத்தில் ஒரு டிக்.

3: வெட்டினால் என்ன ஆகிறது? நூலை எடுங்கள்

ஒரு பகுதியை அழித்தால் ஒரு வேலை கெடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது பகுதியின் குற்றமா, இணைப்பின் குற்றமா? இரண்டு முனையும் உயிரோடு இருக்க, நடுவில் இருக்கும் உறவு மட்டும் அறுந்தால்தான் இணைப்பைப் பற்றிப் பேச முடியும். ஆனால் மூளைக்குள் அந்த இழைகளை மட்டும் தனியாகப் பிடித்து வெட்டுவது மிகக் கடினம். மற்ற ஆயிரம் இழைகளோடு பின்னிக் கிடக்கும். இதற்குக் குரங்கு ஆய்வாளர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. சொல்லிக் கேட்டால் குழப்பும். கையால் செய்தால் ஐந்து நிமிடத்தில் புரியும்.

தாளில் பெரிய முட்டை வடிவம் வரைந்து நடுவே செங்குத்தாகக் கோடு போடுங்கள். மேலிருந்து பார்த்த மூளை. இடப்பக்கத்தில் இரண்டு வட்டம்: முன்னால் உள்ளதில் "மு", பின்னால் உள்ளதில் "பி". வலப்பக்கமும் அதே மாதிரி. இப்போது நூல். இடது மு–பி ஒரு நூல், வலது மு–பி ஒரு நூல். அப்புறம் நடுக்கோட்டைத் தாண்டி மு–மு, பி–பி, குறுக்காக மு–பி இரண்டு. எல்லாவற்றையும் டேப் போட்டு ஒட்டுங்கள். நடுக்கோட்டைத் தாண்டும் நூல்கள்தான் கார்பஸ் கலோசமும் அதன் துணை இழைக்கட்டுகளும்.

சரி, முதலில் இடது "மு", இடது "பி" இரண்டையும் பென்சிலால் கறுப்பாக்குங்கள். வலது பக்கம் முழுசாக இருக்கிறது, நூலும் இருக்கிறது. குரங்கு வேலையைச் செய்துவிடும். இப்போது அழித்துவிட்டு, இடது "மு"வையும் வலது "பி"யையும் கறுப்பாக்குங்கள். முன்னால் இழந்த அதே அளவு திசுதான் இப்போதும் போயிருக்கிறது. நல்ல "மு" ஒன்று இருக்கிறது, நல்ல "பி" ஒன்று இருக்கிறது. ஆனால் எதிரெதிர் பக்கத்தில். அவற்றை இணைத்து மிச்சம் இருப்பது நடுக்கோட்டைத் தாண்டும் நூல். கத்தரிக்கோலால் அதையும் வெட்டுங்கள்.

போன வருடம் ஒரு மாணவி வெட்டிய நூலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ரெண்டும்தான் ஒண்ணொண்ணு நல்லா இருக்கே மேடம். பின்ன ஏன் முடியல?" அவள் கேட்டு முடிக்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. முகத்தில் பார்த்தேன்.

இந்தக் குறுக்கு வெட்டு முறையைக் கொண்டு 2000இல் பேக்ஸ்டர், முரே குழுவினர் செய்த ஆய்வைப் பாருங்கள். சில பொருள்களுக்கு அடியில் ஒரு வகைத் தீனி, வேறு சிலவற்றுக்கு அடியில் இன்னொரு வகை. எதற்கு அடியில் எது என்று குரங்குக்குத் தெரியும். ஒரு நாள், அந்த இரண்டில் ஒரு தீனியை, நிலக்கடலை என்று வைத்துக்கொள்ளுங்கள், வயிறு முட்ட முதலிலேயே கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் பொருள்களைக் காட்டினால், சாதாரணக் குரங்கு கடலைக்கான பொருளை விட்டுவிட்டு மற்றதைத் தொடும். ஒரு பக்கம், உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலாவையும் மறுபக்கம் கண்குழிக்கு மேலே இருக்கும் ஆர்பிட்டல் புறணியையும் நீக்கி, நடு இணைப்புகளையும் வெட்டிய குரங்குகள் அப்படித் தங்கள் தேர்வை மாற்றிக்கொள்ளவில்லை. "இந்தத் தீனி இப்போது வேண்டாம்" என்ற உணர்வு, "இந்தப் பொருளை விடு" என்ற தீர்மானமாக மாற, இரண்டு பகுதியும் பேசிக்கொண்டாக வேண்டும்.

இதைவிட நெருக்கமாகப் பார்க்க வேண்டியது டோக்கியோவில் யசூஷி மியாஷிடா குழுவினர் 1998, 1999இல் செய்தது. உங்கள் தாளில் புது நூல் ஒட்டுங்கள், எந்த வட்டத்தையும் கறுப்பாக்க வேண்டாம். குரங்குகளுக்குப் படங்களைச் சேர்த்துச் சேர்த்து நினைவில் வைக்கப் பழக்கம் கொடுத்தார்கள்: இந்தப் படம் வந்தால் அந்தப் படத்தை நினைக்க வேண்டும். பிறகு இரண்டு மூளைப் பாதிகளையும் இணைக்கும் இழைகளில் பின்பகுதியை மட்டும் வெட்டினார்கள். அதாவது உங்கள் பி–பி நூலையும் குறுக்கு நூல்களையும். முன்னால் இருக்கும் மு–மு நூலை மட்டும் விட்டுவைத்தார்கள். அதை ஒரு ஜன்னல் என்றே அழைத்தார்கள்.

இப்போது படத்தைக் குரங்கின் பார்வைப் புலத்தில் ஒரு பக்கத்தில் மட்டும் காட்டினால், அது எதிர்ப்பக்க மூளைக்கு மட்டுமே போகும். வலது மூளை பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது மூளையின் காதுப்புறக் கதுப்பில், அதாவது இடது "பி"யில், ஒரு நியூரானுக்கு (நரம்பு செல்லுக்கு) பக்கத்தில் மின்முனை. அந்த நியூரான் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. பார்வை வழி அதற்கு அடைபட்டிருக்கிறது. இருந்தும் அது துடித்தது. நேரடியாகப் பார்க்கும்போது துடிப்பதைவிட ஏறத்தாழ 100 மில்லிவினாடி தாமதமாக. விரலை நூல் மேல் வைத்துப் பின்தொடருங்கள்: வலது பி, வலது மு, ஜன்னல் வழியாக இடது மு, அங்கிருந்து கீழே இடது பி. வேறு வழி கிடையாது. மீதி இருந்த ஜன்னலையும் மூடிவிட்டபோது அந்தத் துடிப்பும் நின்றது, குரங்கும் அந்தப் பக்கம் நினைவை எடுக்கத் தடுமாறியது. நினைவை "எடு" என்று நெற்றிப் பக்கத்திலிருந்து இறங்கி வரும் கட்டளையை இவ்வளவு தெளிவாகப் பிடித்த ஆய்வு எனக்குத் தெரிந்து வெகு சில.

குறுக்கு வெட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, அதே அளவு திசுவை ஒரே பக்கத்தில் நீக்கிய ஒப்பீட்டுக் குழு இருந்ததா? முதலில் கறுப்பாக்கியது அதற்காகத்தான். இரண்டு, பகுதியை எப்படி நீக்கினார்கள்? உறிஞ்சி எடுத்தால் செல்களோடு, அந்த வழியாகக் கடந்துபோகும் இழைகளும் போய்விடும். செல்லை மட்டும் கொல்லும் நச்சு வேதிப்பொருளை ஏற்றினால் கடந்துபோகும் இழைகள் பிழைக்கும்.

இது சின்ன நுணுக்கம் என்று விட்டுவிடாதீர்கள். ஆர்பிட்டல் புறணியை உறிஞ்சி எடுத்த குரங்குகள், பலன் இடம் மாறும்போது தங்கள் தேர்வைத் திருப்பிக்கொள்ளத் திணறின, பயமும் குறைந்தது. பல வருடம் அந்த வேலைகளை அந்தப் பகுதியின் பெயரில் எழுதி வைத்திருந்தார்கள். 2013இல் ருடெபெக், முரே குழுவினர் நச்சு முறையில் செல்களை மட்டும் அழித்தபோது, அந்த இரண்டு குறையும் வரவில்லை! தீனி திகட்டிய பிறகு தேர்வை மாற்றும் திறன் மட்டும் கெட்டது. பின்பக்கத்தில் ஒரு குறுகிய பட்டையை மட்டும் உறிஞ்சி எடுத்துப் பார்த்தால், பழைய குறைகள் திரும்பி வந்தன. அத்தனை வருடமும் பகுதியின் மேல் போட்டிருந்த பழி, அந்த வழியாகக் கடந்துபோன இழைகளுடையது. இந்தக் கட்டுரையை முதன்முதலில் வாசித்தபோது, மூன்று வாரம் வீணாகப் போன என் நீல செல்கள்தான் கண்ணுக்குள் வந்தன. அதே வெள்ளைப் பொருள், அதே கடந்துபோகும் இழைகள்.

இனி அந்த மாணவர் காட்டிய அம்புக்குறி

நெற்றிப் பக்கத்தில், கண் அசைவை இயக்கும் ஒரு பகுதி உண்டு. எஃப்இஎஃப் என்பார்கள். பின்னால், பார்வைப் பாதையின் நடுவில் வி4. இரண்டுக்கும் நடுவே இரு திசையிலும் இழை ஓடுவதைச் சாய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஓரத்தில் 1 போடுங்கள்.

2009இல் கிரிகோரியு, டெசிமோன் குழுவினர், குரங்கு ஓர் இடத்தைக் கவனிக்கும்போது இரண்டு பகுதியின் வேகமான அலைகளும் ஒத்திசைவதையும், நடுவே 8 முதல் 13 மில்லிவினாடி இடைவெளி இருப்பதையும் காட்டினார்கள். இடைவெளி சொல்லியிருக்கிறார்கள், அது இழை வழியாகப் போய் அடுத்த செல்லை எழுப்ப ஆகும் நேரத்தோடு பொருந்துகிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். 2, பக்கத்தில் டிக்.

2003இல் மூரும் ஆர்ம்ஸ்ட்ராங்கும் எஃப்இஎஃப்பில், கண்ணை அசைக்கப் போதாத அளவுக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்தபோது, வி4 நியூரான்கள் தங்கள் இடத்தில் இருந்த பொருளுக்கு இன்னும் பலமாகத் துடித்தன. இதற்கு நான் இரண்டரை என்று போடுவேன். தூண்டிவிட்டுப் பார்த்தார்கள், ஆனால் செய்தி வேறு பகுதி வழியாகச் சுற்றியும் போயிருக்கலாம்.

2014இல் கிரிகோரியு குழுவினரே அடுத்த படிக்குப் போனார்கள். ஒரு பக்கம் மட்டும் நெற்றிப் புறணியை நீக்கி, நடு இணைப்புகளையும் வெட்டிய குரங்குகளில், இரண்டு பக்க வி4ஐயும் ஒப்பிட்டார்கள். நீக்கிய பக்கத்தில் கவனத்தால் வரும் கூடுதல் துடிப்பு குறைந்தது, ஒத்திசைவும் குறைந்தது. குறைந்ததே தவிர, முழுக்க நிற்கவில்லை. அப்படியென்றால் கவனத்துக்கு வேறு வழியும் இருக்கிறது. உச்சிப் பக்கத்திலிருந்தோ, அடியில் இருக்கும் தலாமஸ் வழியாகவோ வரலாம். இங்கே 3 போடலாம். ஆனால் நீக்கியது எஃப்இஎஃப்பை மட்டும் அல்ல, நெற்றிப் புறணியில் பெரும் பகுதியை என்பதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

இதையெல்லாம் அந்த மாணவரோடு உட்கார்ந்து ஒரு மதியம் முழுக்கப் பார்த்தோம். கடைசியில் அவர் தன் புத்தகத்தில் இருந்த அம்புக்குறியை அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் பென்சிலால் "1, 2, 3" என்று எழுதி, 3க்குக் கீழே "பெரிய வெட்டு" என்று சின்ன எழுத்தில் சேர்த்தார். பிறகு உச்சிப் பக்கத்திலிருந்து வி4க்கு ஒரு புள்ளிக்கோடு வரைந்து, அதன் நுனியில் ஒரு கேள்விக்குறி போட்டார்.